மாடி வீட்டிலிருந்து வந்த இணைப்பு

போன ஆவணியில் மாடி வீட்டுக்காரர் இறந்தபோது, அவர் வாசலில் போட்டிருந்த பந்தலுக்கு வெளியே நின்று நான் கேட்ட பேச்சு முழுவதும் ஒன்றுதான். "அந்த மனுஷன் வாயிலேர்ந்து இல்லன்னு ஒரு வார்த்த வந்தது கெடையாது." வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தை எழுதி வைத்துப் படித்த மாதிரி சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து பழைய டைரிகளை இறக்கினேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடையிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதுகிறேன். மழை பெய்ததா, காற்று எந்தப் பக்கம், யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், அன்று படித்த புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் நிறுத்தினேன் என்று எல்லாம் இருக்கும். அவர் வருகிற பக்கங்களை மட்டும் தேடி எடுத்துப் படிக்க இரண்டு நாள் ஆயிற்று. ஊர் சொன்னது சரிதான். அவர் யாரிடமும் இல்லை என்று சொன்னதாக ஒரு குறிப்பும் என்னிடம் கிடையாது.

பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் ஊர் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் உள்ளது. ஊர்த்தெருவில் முதலில் மாடி கட்டியது அவருடைய அப்பா. அதனால் அந்த வீட்டில் பிறந்த எல்லோரும் மாடி வீட்டுக்காரர்கள். நாங்கள் இருப்பது காலனி. நடுவில் ஏரி வாய்க்கால், ஒரு தார்ச்சாலை, ஒரு தோப்பு.

அவர் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. யார் எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்கு முன்பே சிரித்துவிடுவார். வலது கையை மார்பில் வைப்பார். "இன்னாப்பா இது, உனக்கு இல்லாததா!" என்பார். அந்தக் குரலில் ஒரு கதகதப்பு இருக்கும். கேட்டவனுக்குப் பொருள் கையில் வந்துவிட்ட மாதிரியே இருக்கும். திரும்பி நடந்து பாதி வழி வந்த பிறகுதான் கை காலியாக இருப்பது தெரியும்.

உத்திரமேரூர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை இருவரும் ஒரே பெஞ்சு. பள்ளிக்குள் அவர் எனக்கு "டேய்". சைக்கிள் அவருடையது, மிதிப்பது நான். ஊர் எல்லையில் ஏரி மதகு வந்ததும் நான் இறங்கிக்கொள்ள, அவர் முன்னால் மாறி உட்கார்ந்து மெதுவாக ஓட்டிப் போவார். இறங்கு என்று அவர் சொன்னதில்லை. ஒருநாள் மதகைத் தாண்டிய பிறகும் பழக்கத்தில், "டேய், நாளைக்கு கணக்கு நோட்ட எடுத்துனு வாடா" என்று கத்தினேன். திரும்பவில்லை. மறுபடி கத்தினேன். காது கேட்காதவர் போலப் போய்க்கொண்டிருந்தார். கோபமும் இல்லை, பக்கவாட்டில் தெரிந்த முகம் சிரித்தபடிதான் இருந்தது. மூன்றாம் முறை என் வாயில் தானாக வேறு மாதிரி வந்தது. "நோட்ட எடுத்துனு வாங்க." உடனே சைக்கிள் நின்றது. "தாராளமா! உனக்கு இல்லாததா?" நோட்டு வரவில்லை. பெரியவனான பிறகு, ஊர்ப்புற நூலகத்தில் வேலை கிடைத்ததும், நான் "சார்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன், நைனா, ஐயா எதுவும் சொல்லாமல் தப்பிக்க அதைவிட நல்ல சொல் இல்லை. அவருக்கும் அது பிடித்திருந்தது.

ஒரு வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் பழுதாகிவிட்டது. கோயிலுக்கு ஒரே ஒரு விளக்கு, ஒரு மைக், அவ்வளவுக்கு மட்டும் அவர் வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளக் கேட்டோம். "ஏசு பொறக்கறாரு, கரண்ட்டு குடுக்க மாட்டனா?" என்று சிரித்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒயரைத் தோளில் சுற்றிக்கொண்டு போனால் வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு காஞ்சிபுரம் போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்து என்னைச் சாலையில் நிறுத்தி அவர்தான் கோபித்துக்கொண்டார். "சாவிய கேட்டு வாங்கி வெச்சிருக்கலாமேப்பா? வாய தொறந்து கேட்டாதான தெரியும்!" கேட்காமல் விட்டது எங்கள் தவறு என்று நானே நம்பி, அன்று இரவு அப்படித்தான் எழுதியும் வைத்திருக்கிறேன்.

இதையும் எழுத வேண்டும். என் அப்பா அவர் நிலத்தில் அறுப்பு அறுத்துக்கொண்டிருந்த ஒரு சித்திரை மதியம் மார்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் சாய்ந்துவிட்டார். ஆள் அனுப்பி ஆட்டோ தேடிக்கொண்டிருக்கவில்லை மாடி வீட்டுக்காரர். தன் காரை வயலோரம் வரைக்கும் ஓட்டி வந்து, அப்பாவின் கால் பக்கத்தைத் தானே தூக்கி, பின்சீட்டில் கிடத்தி, செங்கல்பட்டு வரை கொண்டுபோனார். மாலை வரை ஆஸ்பத்திரி வெளியே நின்றார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அப்பா அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். மறுநாள் காலை நன்றி சொல்லப் போனேன். அவர் மதில்மேல் கார் சீட்டின் உறைகள், முன்சீட்டு உறைகளும் சேர்த்து, துவைத்துக் காயப்போட்டிருந்தன. சோப்பு நுரை இன்னும் வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. அறுத்த வயல் ஈரமாகத்தான் இருந்தது, அப்பாவின் உடம்பெல்லாம் சேறு, அதனால் துவைத்திருக்கலாம். முன்சீட்டில் உட்கார்ந்து போனவன் நான். என் உடம்பில் சேறு இல்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பிராட்பேண்டு விஷயம் கொரோனாவின் இரண்டாம் அலை தணிந்த ஆடி மாதத்தில் நடந்தது.

என் மகள் எஸ்தர் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலையில் இருந்தாள். கம்ப்யூட்டர் வழியாக வருகிற வாடிக்கையாளர் போன்களை எடுத்துக் குறை கேட்கிற வேலை. எங்கள் காலனியில் காதில் ஹெட்போன் மாட்டிச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். விடுதியை மூடிவிட்டார்கள், லேப்டாப்போடு வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்கள் தெருவில் செல்போன் சிக்னல் படுத்துவிடும். ஏரிக்கரை மேல் ஏறினால் இரண்டு கோடு. ஒரு வாரம் கரைமேல் வேப்பமரத்தடியில் பாய் போட்டு வேலை பார்த்தாள்.

"பெங்களூர்ல ஒருத்தரு கேக்கறாருப்பா, மேடம், உங்க ஆபீஸ்ல ஆடு வளக்கறீங்களான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"கம்பெனி பாலிசி சார், சொல்லக் கூடாதுன்னேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கம்பெனி சிரிக்கவில்லை. மூன்று வாரம் கெடு. மூன்றாம் வார முடிவில், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேலதிகாரி வீடியோவில் வந்து, வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுகிறாளா, இணைப்பு நிலையாக இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லாவிட்டால் வேலை இல்லை.

உத்திரமேரூரில் கேபிள் டிவி இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் அப்போது கம்பியில்லாத பிராட்பேண்டு கொடுக்க ஆரம்பித்திருந்தார். நாற்பத்தைந்து வயது, எல்லோருக்கும் பாய். எங்கள் வீட்டு மேல்தளத்தில் ஏறி நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"சார், இது தண்ணி மாரி வளஞ்சி நெளிஞ்சி வராது. டார்ச்சு லைட்டு மாரி. டவரும் டிஷ்ஷும் மூஞ்சிக்கு மூஞ்சி பாக்கணும். நடுவுல உங்க தோப்பு நிக்குது, பேஜார்."

"எங்க தோப்பு இல்ல பாய்."

"யாருதோ ஒண்ணு. அதோ, அந்த மாடி கீது பாருங்க. அங்கேர்ந்து டவரும் தெரியுது, உங்க வூடும் தெரியுது. ஒரு கம்பம், ரெண்டு டிஷ்ஷு. ஒண்ணு டவர பாக்கும், இன்னொண்ணு உங்கள பாக்கும். முடிஞ்சிச்சு மேட்டர்."

கீழே நின்ற என் மனைவி கேட்டாள். "அந்த வூடா? அவங்க இது வரிக்கும் நம்ம பக்கம் பாத்ததே இல்லியே, டிஷ்ஷு வெச்சா மட்டும் பாத்துடுவாங்களா?"

புதன்கிழமை காலை போய்க் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் சிரித்தார், கையை மார்பில் வைத்தார். "பாப்பா வேலைக்கா? ஊருக்கே பெருமையாச்சே! உனக்கு இல்லாததா?" வெள்ளிக்கிழமை பாய் கம்பத்தோடு வந்தபோது அஷ்டமி. ஞாயிற்றுக்கிழமை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்கள். செவ்வாய் கம்பம் நடக் கூடாத நாள். வியாழக்கிழமை, காஞ்சிபுரத்திலிருக்கும் தம்பியை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மாடியில் அவருக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தப்படக்கூட இடம் கொடுக்காமல் அவரே அதிகம் வருத்தப்பட்டார். பாய்தான் அவரிடம் பேசி வழி கண்டுபிடித்தார். "சார், உங்க வூட்டுக்கும் ஒரு கனெக்‌ஷன் போட்டுடறேன், ஃப்ரீ. பேரப் பசங்க படம் பாக்கும்." அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பம் ஏறியது.

மாடிக்குப் படி வீட்டுக்குள்ளிருந்துதான். பாய் கூடத்தின் வழியாக மேலே போனார். நான் தெருவில் நின்றேன். முதலில் மாடி வீட்டில் நெட் வந்தது. அரை மணி கழித்து எஸ்தரிடமிருந்து போன், கரைமேல் ஓடி ஏறி மூச்சு வாங்கப் பேசினாள். "அப்பா, வந்துடுச்சுப்பா! நாலு லைட்டும் பச்ச!"

திங்கள், செவ்வாய் இரண்டு நாள் எங்கள் வீட்டுக்குள் இணையம் இருந்தது. எஸ்தர் அலமாரிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, பின்னால் என் மனைவியின் புதுப் புடவையைத் திரை மாதிரி கட்டி, காலை ஒன்பதிலிருந்து ஆறு வரை பேசினாள். என் மனைவி மாகறலில் இருக்கும் தன் அக்காவை வீடியோவில் பார்த்து, "இன்னாடி இப்டி எளச்சிட்ட" என்று அழுதாள். நான் ஒரு நூலகத்தின் பழைய நூல் பட்டியல் முழுவதையும் வீட்டிலிருந்தே புரட்டினேன்.

புதன் காலை நின்றுவிட்டது. பாய் வந்தார், மேலே போனார், இறங்கினார். "நம்ம பக்கம் பாக்கற டிஷ்ஷு திரும்பிக்கிச்சி சார். காத்தா இருக்கும்." மாடி வீட்டுக்காரரும் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். "ஆடிக் காத்துப்பா! இன்னா பண்றது?" வெள்ளிக்கிழமை மறுபடி. இந்த முறை பாய் பெரிய ஸ்பானராகக் கொண்டுவந்து முறுக்கினார். எஸ்தரிடம் நகப்பாலிஷ் வாங்கிப் போய், கம்பத்துக்கும் டிஷ் மாட்டிய பிடிக்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டு வந்தார்.

என் டைரியில் அந்த வாரம் இப்படி இருக்கிறது. செவ்வாய் இரவு: காற்று இல்லை, விசிறி வேண்டியிருந்தது. வியாழன் இரவு: காற்று இல்லை. வெள்ளி மாலை: புளிய இலை அசையவில்லை, கொசு அதிகம்.

சனிக்கிழமை காலை பாய் மூன்றாம் முறை ஏறினார். இறங்கி வந்ததும் அங்கே எதுவும் பேசாமல் வண்டியை வாய்க்கால் வரை தள்ளிக்கொண்டு வந்தார். டவரைப் பார்க்கிற டிஷ் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது. எங்களைப் பார்க்கிற டிஷ்ஷில் பிடி மேலிருந்த கோடும் கம்பத்தின் மேலிருந்த கோடும் இரண்டு விரல் விலகி நிற்கின்றன.

"அது காத்து இல்ல சார். கை."

"யாரு பாய்?"

"எனக்கு இன்னா தெரியும்? மாடிக்கு வழி அவங்க வூட்டுக்குள்ள. நாலு வார்த்த நல்லா கேட்டுட்டு வரட்டுமா?"

"வேணாம் பாய்."

"இன்னா வேணாம்? நீங்க படிச்சவருதானே?"

"கேட்டா கம்பத்தயே எடுத்துடுவாங்க. திங்கக்கெழம வரிக்கும் ஓடட்டும்."

அவர்தான் திருப்பினார் என்று நான் இன்றைக்கும் எழுதவில்லை. தம்பியாக இருக்கலாம், வீட்டில் பெரியவர்களாக இருக்கலாம். ஒன்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. கம்பி கிடையாது. அவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்று, வாய்க்காலுக்கு மேலே முப்பதடி உயரத்தில் யார் மேலும் படாமல் வந்தது. அது எங்கே இறங்குகிறது என்ற நினைப்பையே அந்த வீட்டில் யாராலோ தாங்க முடியவில்லை.

ஞாயிறு சாயங்காலம் நான்கு பச்சை விளக்கில் ஒன்று சிவப்பானது, நெட் நின்றது. பாய் உறவுக்காரர் கல்யாணத்துக்கு வேலூர் போயிருந்தார். "நாளைக்கி மத்தியானம் வந்துடறேன் சார், அதுக்கு முன்ன முடியாது" என்று போனில் சொன்னார்.

திங்கள் காலை ஏழு மணிக்கு அவர் வாசலில் நின்றேன். எஸ்தரின் ஒன்பது மணி விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் உண்மையாகவே வாடியது. "அடப் பாவமே. பாப்பாவ இங்கியே வந்து பேசச் சொல்லுப்பா. நம்ம வூட்லதான் நெட்டு ஜோரா வருதே. உனக்கு இல்லாததா?"

எட்டரைக்கு வந்தோம். எஸ்தர் நல்ல சுடிதார் போட்டு, பொட்டில்லாத நெற்றியைத் துடைத்துக்கொண்டு, லேப்டாப்பை மார்போடு அணைத்து வந்தாள். அவர் நிலைப்படியில் நின்றிருந்தார்.

"வாம்மா எஸ்தரு! வா வா."

"சார், ஒம்போது மணிக்கு மீட்டிங். உள்ள வந்து உக்காந்துக்கட்டுமா? வெளிய நெட்டு எட்டாதுன்னு பாய் சொன்னாரு."

"இன்னாம்மா இதெல்லாம் ஒரு கேள்வியா? தாராளமா!"

இடது கை ஒரு பக்கத்து நிலையில், வலது கை மறு பக்கத்து நிலையில். சிரித்தபடி நின்றார். எஸ்தர் செருப்பைக் கழற்றி வாசல் ஓரமாக ஒழுங்காக விட்டுவிட்டு முதல் படியில் கால் வைத்தாள். கைகள் இறங்கவில்லை.

"சாப்ட்டியாம்மா? நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சு சார்."

"இன்னா வேலம்மா அது, பூரா நாளும் போன்லயே பேசறதா? வாய் வலிக்காது?"

"பழகிடுச்சு சார். கொஞ்சம் வழி விட்டீங்கன்னா..."

"இதோம்மா. உள்ள பூஜ நடந்துனு கீது. அதுக்கின்னா, நீ வா."

எட்டு நாற்பத்தெட்டு. கூடத்துச் சுவரில் ரூட்டரின் பச்சை விளக்குகள் அவர் அக்குள் வழியாகத் தெரிந்தன. உள்ளே யாரோ மணி அடித்தார்கள், நிறுத்தினார்கள். அவர் நெல் விலை பற்றி என்னிடம் ஏதோ கேட்டார். நான் ஏதோ சொன்னேன். எஸ்தர் படியிலிருந்து இறங்கவில்லை. இரண்டாவது படிக்கு ஏறினாள். இப்போது அவளுக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அவர் தலையைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார், காலை எடுக்கவில்லை. "வாம்மா, வா" என்று மறுபடியும் சொன்னார்.

எட்டு ஐம்பத்தாறு.

"சார்," என்றாள் எஸ்தர். போனில் வாடிக்கையாளரிடம் பேசுவாளே, அந்தத் தணிந்த குரல். "நான் உள்ள வரலாமா, கூடாதா? ஒரு வார்த்த சொல்லுங்க சார். எதுவா இருந்தாலும் பரவால்ல."

அவர் சிரிப்பு நின்றது. பதினோரு வயதிலிருந்து பார்த்த முகம். அதில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். உதடு பிரிந்தது. நிலையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

"வேணாம் வாம்மா," என்றேன். "சாருக்கு எதுக்கு சிரமம். போலாம்."

அவர் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. கை மார்புக்கு வந்தது. "அட, சிரமம் இன்னாப்பா சிரமம்! உனக்கு இல்லாததா?"

எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு படியிறங்கி, நிற்காமல் தெருவில் நடந்தாள். பின்னாலேயே ஓடினேன். கடிகாரத்தைப் பார்த்தேன், எட்டு ஐம்பத்தொன்பது. வேலை போய்விட்டது என்ற மெயில் மறுநாள் மதியம் ஏரிக்கரையில் வைத்துத்தான் இறங்கியது. ஆனால் அப்போதே எங்கள் இருவருக்கும் தெரியும்.

வாய்க்காலைத் தாண்டிய பிறகு பேசினாள்.

"சொல்ல வந்தாருப்பா. வாய் வரிக்கும் வந்துடுச்சி. நீ எதுக்கு சொன்ன?"

"மீட்டிங்குக்கு நேரமாச்சேன்னுதான்..."

"எட்டு நாப்பதுக்கே தெரிஞ்சிடுச்சுப்பா எனக்கு, அவரு விட மாட்டாருன்னு. அப்பவே கரைக்கு ஓடியிருந்தா ரெண்டு கோடாவது கெடச்சிருக்கும். அவரு வாயால கேக்கணும்னுதான் நின்னேன். எல்லாத்தையும் விட்டுட்டு நின்னேன். கடைசில நீ சொல்லிட்ட."

அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள். செருப்பு அவர் படியோரமே இருந்தது. போன மாதம் வாங்கியது.

"இரும்மா, நான் போய் எடுத்துனு வரேன்."

"வேணாம். அங்கியே கெடக்கட்டும்," என்றாள். "அதையாவது அவரே எடுத்துப் போடட்டும்."